பதினோராம் கட்டிலைத் தேடி வந்தவர்கள்

இதை எழுதும்போது என் வலது கால் ஒரு பிளாஸ்டிக் கதிரையில் தனியாக நீட்டிக்கொண்டு இருக்கிறது. அதற்குள் ஒரு தகடும் ஏழு ஆணிகளும் உண்டு. லீவு முடிய இன்னும் மூன்று வாரம் கிடக்கிறது. வீட்டில் ஒரு வேலையும் செய்ய விடுகிறார்கள் இல்லை. நானும் பெரிதாக அடம்பிடிக்கவில்லை. பதினெட்டு வருடம் தபாலகத்தில் முத்திரை குத்திய கைக்கு இப்படி ஓர் ஓய்வு கிடைத்ததே என்று உள்ளூரச் சந்தோஷம்தான். ஆனால் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் "என்ன நடந்த?" என்று கேட்கிறார்கள். சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. எனவே எழுதிவிடுகிறேன். எழுதினால் நான் சொன்ன ஒரு பொய்யையும் எழுத வேண்டும். பரவாயில்லை, அதையும் எழுதுகிறேன்.

என் ஊர் மருதமுனை. வேலை சவளக்கடைப் பக்கத்தில் ஒரு சின்னத் தபாலகத்தில். தினமும் ஸ்கூட்டியில் கல்முனைக்கு வந்து, கிட்டங்கிப் பாலத்தைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே போவேன். அது பெரும்போக வேளாண்மை வெட்டு நேரம். அந்த நாட்களில் அந்த வீதி லேண்ட்மாஸ்டர்காரர்களுக்கே சொந்தம். இரண்டு சக்கர உழவு மெசினுக்குப் பின்னால் ஒரு பெட்டியைப் பூட்டி, நெல் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு ஆறுதலாகப் போவார்கள். சிக்னல் லைட் எல்லாம் கிடையாது. வலப்பக்கம் திரும்புவதென்றால் ஓட்டுகிறவர் வலது கையை நீட்டுவார். பின்னால் வருகிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வயல் வீதியில் போய்வருகிற எல்லோருக்கும் தெரிந்த ஒழுங்கு அது.

அன்று எனக்குப் பத்து நிமிடம் பிந்திவிட்டது. எனக்கு முன்னால் ஒரு லேண்ட்மாஸ்டர் போய்க்கொண்டிருந்தது. ஓட்டியவர் ஒரு தரம் திரும்பி என்னைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். நான் கண்டேன். நல்ல வெளிச்சம், வெயில், முழங்கை வரை மடித்துவிட்ட நீலச் சேர்ட். அவர் வலப்பக்கம் கிறுகித் திரும்புவதற்குள் முந்திவிடலாம் என்று நினைத்து முறுக்கினேன். முந்த முடியவில்லை. மெசினின் தலையில் மோதி, ஸ்கூட்டி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். எழும்பப் பார்த்தபோது என் கால் பாதி வழியில் புதிதாக ஒரு மடிப்பு மடிந்திருந்தது.

அந்த மனிதர்தான் என்னைத் தூக்கினார். பெட்டியில் கிடந்த ஒரு பலகையைக் காலோடு சேர்த்துத் தன் துவாயால் கட்டினார். போகிற ஆட்டோவை மறித்து என்னை ஏற்றி, காலை ஆடாமல் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரை வந்தார். பெயர் யோகராசா. ஐம்பத்தைந்து வயது இருக்கும். சவளக்கடையில் வயல் செய்கிறவர். வழி முழுக்க "தங்கச்சி, கண்ண மூடிராதீங்க, கதைச்சிக்கிட்டு வாங்க" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்.

அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்திருந்தபோது என் கணவர் ஓடி வந்தார். கல்முனைச் சந்தைக்குப் பக்கத்தில் அவருக்கு ஒரு துணிக்கடை இருக்கிறது. கடையைப் பூட்டவும் மறந்து வந்திருந்தார். முகம் வெளிறிப் போயிருந்தது. அவருடைய முதல் கேள்வி, "எப்பிடி நடந்த?"

ஸ்கூட்டி வாங்கிய நாளிலிருந்து "முந்தாத, முந்தாத" என்று என் காதில் ஓதிக்கொண்டிருந்த மனிதர் அவர். உடைந்த காலோடு அந்தப் பாட்டையும் கேட்க என்னால் முடியாது என்று தோன்றியது. ஒரு கணம்தான். வாய் தானாகத் திறந்தது.

"அவர் கை காட்டல்ல."

யோகராசா அண்ணன் வாசலில்தான் நின்றார். இரத்தம் பட்ட துவாய் அவர் கையில் இருந்தது. என் கணவர் அவர் பக்கம் திரும்பிய வேகத்தைப் பார்த்து எனக்கே பயமாகிவிட்டது. யோகராசா அண்ணன் ஒன்றும் பேசவில்லை. அன்று பின்னேரமே என் கணவர் பொலிசில் முறைப்பாடு கொடுத்தார். லேண்ட்மாஸ்டரைக் கொண்டுபோய்ப் பொலிஸ் வளவுக்குள் நிறுத்தினார்கள்.

இனி என் காலின் கதை. முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் இடையில் இரண்டு எலும்புகள் இருக்கின்றன. தடித்தது முன்னால், மெலிந்தது பக்கத்தில். எனக்கு இரண்டும் முறிந்திருந்தன. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டிய டொக்டர், "வடிவா முறிச்சிருக்கிறீங்க" என்றார். தகடு வைத்து ஆணி அடிக்க வேண்டும், ஆனால் வீக்கம் வற்றும் வரை வெட்ட முடியாது. அதுவரை பின்பக்கம் மட்டும் பாதிப் பத்து, அதாவது மாவுக்கட்டு, போட்டுக் காலை உயர்த்தி வைத்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தரம் தாதி மிஸ் ஒருவர் வந்து கால் விரல்களை அசைக்கச் சொல்வார். உள்ளே வீக்கம் கூடி இரத்த ஓட்டத்தை நெரித்தால் முதலில் விரல்தான் சொல்லுமாம்.

அதோடு இரத்தம் சோதித்ததில் எனக்குச் சீனி இருப்பதும் தெரிந்தது. இத்தனை நாளும் அது தன்பாட்டில் எனக்குள்ளே குடியிருந்திருக்கிறது. சீனி கூட இருந்தால் வெட்டிய காயம் ஆறாது. ஆகவே அதுவும் இறங்கும்வரை ஊசி. "ஒரு கால முறிச்சி ஒரு வருத்தத்தக் கண்டுபிடிச்சிரிக்கீங்க, லாபம்தான்" என்று டொக்டர் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது, என் கணவருக்கு வரவில்லை.

ஆக ஆறு நாள் காத்திருப்பு. பெண்கள் வாட்டில் பதினோராம் கட்டில். அரசாங்க ஆஸ்பத்திரி, காசு வாங்குவதில்லை. கடையில் வாங்கச் சொன்ன ஒன்றிரண்டு சாமானோடு எங்கள் பில் முடிந்துவிட்டது. பகல் நன்றாகவே கழிந்தது என்றுதான் சொல்ல வேண்டும். பக்கத்துக் கட்டில்காரிக்கு ஊர் பாண்டிருப்பு. அவளுடைய வீட்டிலிருந்து வருகிற மீன் குழம்பில் பாதி எனக்கு. தொழுகைக்குத் தண்ணீர் ஏலாது என்பதால் என் தங்கச்சி பர்வீன் சுத்தமான மண்ணைச் சின்னத் தட்டில் கொண்டுவந்து வைத்தாள். அதில் கையைத் தட்டித் தயம்மும் செய்து, படுத்தபடி சைகையால் தொழுவேன். இப்படி ஆறுதலாக, வேறு யோசனை இல்லாமல் தொழுது பல வருடமாகிவிட்டிருந்தது. இல்லை, ஒரு யோசனை இருந்தது. ஸலாம் கொடுக்கத் தலையை வலப்பக்கம் திருப்பினால் வாட்டின் கதவு தெரியும்.

அந்தக் கதவில் ஒவ்வொரு நாளும் யோகராசா அண்ணன் வந்து நின்றார்.

பார்வையாளர் நேரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒருவர் ஆஸ்பத்திரியில் என்றால் ஊரே வரும். நோயாளியைப் பார்ப்பது கடமை, நன்மை. வராதவரைப் பற்றித்தான் கதை நடக்கும். என் ஆட்கள் மருதமுனை, கணவருடைய ஆட்கள் சாய்ந்தமருது. கல்யாணம் முடித்து ஆண்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்துவிடுவதால் இரண்டு குடும்பமும் இரண்டு ஊரிலேயே இருந்துவிடுகின்றன. மணி பன்னிரண்டு அடித்தால் இரண்டு ஊரும் என் கட்டிலைச் சுற்றி நிற்கும். தோடம்பழம், மோல்ட் போத்தல், ஸம்ஸம் தண்ணீர். வருகிறவரிடம் "நீங்க யார்?" என்று கேட்பது மகா மரியாதைக்கேடு. பார்க்க வந்தவர் சொந்தக்காரர். சிரிக்க வேண்டும், ஸலாம் சொல்ல வேண்டும், பிறகு வீட்டில் விசாரித்துக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் ஒரு மாமி வந்தார். கறுப்பு அபாயா, அறுபது வயது, கையில் ஒரு பிளாஸ்க். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து நல்ல காலின் பாதத்தைப் பிடித்துவிட்டபடி, "என்ன புள்ள, அல்லாஹ் காப்பாத்தினான். கொஞ்சம் கஞ்சி குடிங்க" என்றார். தேங்காய்ப்பால் விட்டு, உள்ளி போட்ட கஞ்சி. சீனி வருத்தம் என்று கேள்விப்பட்டதும் மறுநாளே அரிசியை விட்டுக் குரக்கன் கஞ்சிக்கு மாறிவிட்டார். என் சொந்தத் தங்கச்சிக்கே அந்த யோசனை வரவில்லை. துஆ ஓதி என் நெற்றியில் ஊதுவார். உண்மையில் அவர் வரும் நேரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். மனதுக்குள் கஞ்சி மாமி என்று பெயரும் வைத்துவிட்டேன். என் கணவருடைய பெரியம்மா முறையில் யாரோ என்று நினைத்தேன்.

வராதவர் ஒருவரும் இருந்தார். என் கணவருடைய தங்கச்சி ஜெஸீமாவின் மகன் றிஸ்வான். எங்களுக்கு மருமகன் முறை. கல்முனை நீதிமன்றத்தில் சட்டத்தரணி, ஆஸ்பத்திரியிலிருந்து நடந்துபோகிற தூரம். சின்ன வயதில் என் மடியில் வளர்ந்த பிள்ளை. ஒரு எட்டு வந்து பார்க்கவில்லை. அவனுடைய உம்மாவிடம் பழம் கொடுத்தனுப்பினான், அவ்வளவுதான். பர்வீன் வாய்க்கு வந்தபடி பேசினாள். "கோட்டுப் போட்டதும் கண்ணு தெரியல்ல போல" என்றாள். ஜெஸீமா தலையைக் குனிந்துகொண்டிருந்தார். எனக்கும் உள்ளே நொந்தது, மறைக்கத் தேவையில்லை.

கஞ்சி மாமி விபத்தைப் பற்றி என்னிடம் நேராக ஒன்றும் கேட்டதில்லை. பாதத்தைப் பிடித்துக்கொண்டே தானாகக் கதைப்பார். "கை காட்டாமக் கிறுகிரிக்கான் எண்டு கேள்விப்பட்டன். இந்த மெசின்காரனுகளுக்கு ரோட்டு அவனுகள்ட வாப்பாட சொத்து. விடப்படா மகள், விட்டா நாளைக்கு இன்னொரு புள்ளைக்கு நடக்கும்." வலிக்கு ஊசி போட்டிருப்பார்கள், கண் செருகும். நான் "ம்ம்" என்பேன். நான் சொன்ன பொய்யை அவர் கழுவி, கஞ்சி போட்டு, ஸ்திரி செய்து எனக்கே திருப்பித் தந்துகொண்டிருந்தார்.

ஏழாம் நாள் ஒப்பரேஷன். ஒப்பரேஷனுக்குச் சம்மதம், மயக்க ஊசிக்குச் சம்மதம் என்று காலையிலிருந்து கையெழுத்து. பன்னிரண்டு மணிக்குக் கஞ்சி மாமி வந்தார். எனக்குச் சாப்பாடு இல்லை என்பதால் அன்று பிளாஸ்க் இல்லை, துஆ மட்டும். பிறகு பையிலிருந்து ஒரு தாளை எடுத்து, "இதிலயும் ஒண்டு வெச்சிருங்க மகள். காப்புறுதிக் காசு எடுக்கிறத்துக்கு" என்றார். வைத்தேன். தபாலகக் கவுண்டரில் வயதான ஆட்களைப் பிடித்துவைத்து "வாசிச்சிப்போட்டுக் கையெழுத்து வைங்க, வாசிக்காம வைக்கப்படா" என்று சத்தம் போடுகிற அதே நான், ஒரு வரி வாசிக்காமல் வைத்தேன்.

ஒப்பரேஷனில் முழு மயக்கம் கொடுக்கவில்லை. முதுகுத்தண்டில் ஒரு ஊசி. இடுப்புக்குக் கீழே எல்லாம் யாருடையதோ மாதிரி ஆகிவிட்டது. வலி துளியும் இல்லை, ஆனால் காது வேலை செய்தது. துளைபோடுகிற சத்தம், ஆணியை முறுக்குகிற சத்தம். பக்கத்து வீட்டில் அலுமாரி செய்வதைக் கேட்டுக்கொண்டு கிடப்பது போல இருந்தது. நான் யாஸீன் ஓதினேன். நடுவில் மறந்து நிறுத்தியபோது, தலைமாட்டில் நின்ற மயக்க மருந்து டொக்டர், அவர் வேறு சமயத்தவர், "நிப்பாட்டாதீங்க, கேக்க நல்லாயிருக்கு" என்றார். இந்த மாதிரி மனிதர்கள் கையில் நாம் இருக்கிறோம் என்று அந்த நேரத்தில் மனம் நிறைந்துபோனது.

குட்டு வெளிப்பட்டது அதற்கு மறுநாள். பர்வீன் பழம் உரித்துக்கொண்டே ஜெஸீமாவிடம் சொன்னாள்: "என்னதான் சொல்லுங்க மதினி, உங்கட பக்கத்தில அந்த மாமி ஒராள்தான் மனுசி. ஒரு நாள் பிந்தல்ல."

ஜெஸீமா நிமிர்ந்தார். "எந்த மாமி?"

"கஞ்சி கொண்டுவாற மாமி."

"அவ உங்கட பக்கமெல்லோகா? நான் உங்கட உம்மாட தங்கச்சி ஆரோ எண்டு நினைச்சி, ஒவ்வொரு நாளும் கையைப் பிடிச்சி ஸலாம் சொல்லிக்கிட்டிரிக்கன்!"

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர், "நான் தபால் கந்தோரில உன்னோட வேலை செய்ற ஆளாக்கும் எண்டிரிந்தன்" என்றார். நாலு நாள் கஞ்சி குடித்திருக்கிறேன், அந்த மனிசியின் பெயர்கூட எங்களில் ஒருவருக்கும் தெரியாது. முதலில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். பிறகு எனக்கு அந்தத் தாள் ஞாபகம் வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

ஜெஸீமா மகனுக்குப் போன் எடுத்தார். "வா" என்றால் வரமாட்டேன் என்கிறானாம். போனை நான் வாங்கினேன்.

"மாமி, ஜன்னலால எட்டிப் பாருங்க" என்றான்.

என் கட்டில் ஜன்னலோரம்; படுத்தபடியே தலையை இடப்பக்கம் திருப்பினேன். ரோட்டுக்கு அந்தப் பக்கம் தேத்தண்ணிக் கடை வாசலில் நின்று கையைக் காட்டினான். கறுப்புக் கோட்டைக் கழற்றி மடித்துக் கையில் வைத்திருந்தான்.

"அங்க நிண்டு என்னடா செய்றாய்? ஒரு பத்து எட்டு வந்தா உள்ளுக்கு."

"ஏலா மாமி. கோவிச்சிராதீங்க. எங்கட நடத்தை விதியில இரிக்கு, வழக்குத் தேடி நாங்களும் போகப்படா, ஆள வெச்சும் பிடிக்கப்படா. விளம்பரமும் போடப்படா. போன வருசம் ஒரு கூட்டாளி விழுந்து இந்த ஆஸ்பத்திரியிலதான் கிடந்தான். பாக்க வந்தன். அடுத்த நாள் கோர்ட்டில, 'றிஸ்வான் வாட்டு வாட்டாப் போய்க் கேஸ் பொறுக்குறான்' எண்டு கதை. பெயர் கெட்டா எங்களுக்கு என்ன மிச்சம்? அண்டைக்கிலயிருந்து விபத்து வாட்டுக்குள்ள கால் வைக்கிறல்ல. ஒவ்வொரு நாளும் இஞ்ச வந்து நிண்டு உங்கட ஜன்னலப் பாத்துப்போட்டுத்தான் போற."

அவனைப் பற்றிப் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. பிறகு தாளைப் பற்றிச் சொன்னேன். அவன் பெருமூச்சு விட்டான்.

"அது புரொக்சி, மாமி. உங்களுக்காக வழக்காட இன்ன சட்டத்தரணிக்கு அதிகாரம் குடுக்கிறன் எண்டு நீங்க வைக்கிற கையெழுத்து. அந்த மனிசி காயப்பட்ட ஆக்களத் தேடிப்போய் கேஸ் பிடிச்சிக் குடுக்கிற ஆள். குடுத்தா கமிசன். எடுக்கிற சட்டத்தரணிக்கும் அது பிழை. சில நாட்டில விபத்து நடந்து ஒரு மாசத்துக்கு, கேஸ் தாங்க எண்டு கடிதம்கூடப் போடப்படா எண்டு சட்டம் வெச்சிரிக்காங்க."

"ஏன் ஒரு மாசம்?"

"நோவோட கிடக்கிற ஆளுக்குத் தன்ட புத்தி தன்னிட்ட இரிக்காது எண்டுதான்."

சரியான சட்டம் என்று நினைத்தேன். அந்த எட்டு நாளில் என் புத்தி என்னிடம் இருந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். கஞ்சி மாமி மட்டுமா? முறிவு எண்ணெய்க்காரருடைய விளம்பரத் துண்டு, பிடித்து நடக்கிற இரும்புச் சட்டம் வாடகைக்குக் கொடுக்கிறவருடைய துண்டு, பிஸியோதெரபி வீட்டுக்கு வரும் என்ற துண்டு எல்லாம் என் தலையணைக்குக் கீழே இருந்தன. நான் விழுந்த செய்தி எனக்கு முன்னே ஊரைச் சுற்றியிருந்தது.

"அந்தத் தாள ரத்துச் செய்றன் எண்டு கடிதம் எழுதிப் பதிவுத் தபால்ல போடுவம். அது லேசு" என்றான் றிஸ்வான். பிறகு குரல் மாறியது. "மாமி, ஒண்டு கேக்கிறன். அந்த மனுசன் உண்மையா கை காட்டல்லயா? நாளைக்குப் பொலிஸ் வாக்குமூலம் எடுக்க வரும். நீங்க சொல்றதிலதான் அவர்ட மெசினும் கிடக்கு, கேஸும் கிடக்கு."

மிஸ் வருகிறார் என்று போனை வைத்துவிட்டேன். மிஸ் வரவில்லை.

அன்று பின்னேரம் மழை இருட்டியது. வேளாண்மை வெட்டு நேரத்து மழை. வழமைபோல யோகராசா அண்ணன் கதவில் வந்து நின்றார். உள்ளே வரமாட்டார். என் கணவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "சமாதானம் கேட்டு நிக்கான், காசு குடுத்து முடிக்கப் பாக்கான்" என்பார். யோகராசா அண்ணன் அங்கே நின்றே, "நோ எப்பிடி தங்கச்சி?" என்று கேட்பார். "குறைவு அண்ணன்" என்பேன். தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். எட்டு நாளும் அதற்கு மேல் ஒரு வார்த்தை கிடையாது. அன்று அவர் போகும்போது படியில் நின்று வானத்தைப் பார்த்ததைக் கண்டேன். வெட்டின நெல் வயலில் கிடக்கும். ஏற்ற மெசின் இல்லை. வாடகைக்குப் பிடிக்க அந்த நேரத்தில் ஒரு மெசினும் சும்மா நிற்காது. எனக்குத் தகடு வைத்த கால் வலித்ததைவிட அது வலித்தது.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு பொலிஸ் சார்ஜன் ஒருவர் பெரிய புத்தகத்தோடு வந்தார். தமிழ் நன்றாகப் பேசினார். என் கணவர் தலைமாட்டில் நின்றார். கஞ்சி மாமியும் அந்த நேரம் பார்த்து வந்து கால்மாட்டில் உட்கார்ந்திருந்தார், பிளாஸ்க்கோடு. பர்வீன் அவரை ஏதோ கேட்க வாயெடுத்தாள். நான் கையைக் காட்டி நிறுத்தினேன்.

"மெசின் கிறுகக்குள்ள கை காட்டினாரா?" என்று சார்ஜன் கேட்டார்.

"காட்டல்ல சேர்" என்றார் கஞ்சி மாமி, எனக்குப் பதிலாக.

"உங்கள இல்ல, அவவக் கேட்டன்."

ஒப்பரேஷன் மேசையில்கூட எனக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

"காட்டினார். நான் கண்டன். கண்டுதான் முந்தினன். பிழை என்ட பக்கந்தான்."

சார்ஜன் எழுதுகிற பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "அம்மா, இத எழுதினா உங்களுக்குத்தான் வழக்கு வரும். கவனமில்லாம முந்தினது எண்டு தண்டம் கட்ட வேண்டிவரும்."

"எழுதுங்க" என்றேன். அவர் வாசித்துக் காட்டினார். இந்த முறை நானும் ஒரு தரம் வாங்கி வாசித்துவிட்டுத்தான் கையெழுத்து வைத்தேன்.

சார்ஜன் போனபின் கஞ்சி மாமி சாமான்களைப் பையில் எடுத்து வைத்தார். கோபப்படவில்லை. "உங்கட வாழ்க்க, உங்கட இஷ்டம்" என்றார். "மாமி, என்ட புரொக்சி வேணும்" என்றேன். "அது சட்டத்தரணி சேரிட்டப் போயிட்டு. இனி அவருக்கு அது என்னத்துக்கு? கடிதம் போடுங்க, கிழிச்சிருவார்" என்றார். எழும்பியவர் மறுபடி உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து, என் கோப்பையில் கஞ்சியை ஊற்றினார். "கையெழுத்துக்குத்தான் வந்தன், இல்லெண்டு சொல்லல்ல. ஆனா குரக்கன் நானே இடிச்சது மகள்." குடித்தேன். நல்ல கஞ்சி. அவரை வெறுக்க எனக்கு இன்றுவரை முடியவில்லை; அதற்காக அவர் செய்தது சரி என்றும் சொல்ல மாட்டேன். இரண்டு நாள் கழித்து ஒன்பதாம் கட்டிலில் புதிதாக ஒரு பெண் கிடந்தாள். அங்கே பிளாஸ்க்கோடு அவர் வந்தபோது, பர்வீன் நேரே போய் அந்த வீட்டாரிடம், "இவ உங்கட சொந்தமா எண்டு ஒருக்காக் கேட்டுக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

என் கணவர் அன்று வாக்குமூலம் முடிந்ததும் வெளியே போனார். அரை மணித்தியாலம் வரவில்லை. இவர் இனி என்னோடு எப்படிக் கதைப்பார் என்று யோசித்துக்கொண்டு கிடந்தேன். வந்தார். கையில் சீனி போடாத இரண்டு தேத்தண்ணி. ஒன்றை என்னிடம் நீட்டி, "ஆயிரந்தரம் சொன்னனான், முந்தாத எண்டு" என்றார்.

அவ்வளவுதான். இந்த ஒற்றை வசனத்துக்குப் பயந்துதான் ஒரு மனிதருடைய மெசினை ஒன்பது நாள் பொலிசில் நிறுத்தி வைத்திருந்தேன்.

றிஸ்வான் சொன்ன வழியில் என் கணவரே பொலிசுக்கும் நீதிமன்றத்துக்கும் போய் முறைப்பாட்டைத் திருத்தினார். இரண்டு நாளில் மெசினை விட்டார்கள். எனக்குப் பிறகு வழக்கு வந்தது, தண்டமும் கட்டினேன். கட்டிய அன்று நிம்மதியாகத் தூங்கினேன். றிஸ்வான் நான் வீட்டுக்கு வந்த அன்றே ஓடி வந்து, வைத்த கறியெல்லாம் சாப்பிட்டுவிட்டுப் போனான்.

மெசின் விடுபட்ட நாளும் யோகராசா அண்ணன் கதவில் வந்து நின்றார். என் கணவர் போய் அவருடைய கையைப் பிடித்து உள்ளே இழுத்து வந்தார். முதல் முறையாக என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். உட்காரச் சொன்னோம், சேற்றுக் காலோடு வந்திருப்பதாகச் சொல்லி மாட்டேன் என்றார்.

"அண்ணன், முதல் நாள் நான் பொய் சொல்லக்குள்ள நீங்க வாசல்லதான் நிண்டீங்க. கேட்டிருக்கும்."

"கேட்டதுதான் தங்கச்சி."

"நான் கண்டதும் உங்களுக்குத் தெரியும்."

"தெரியும். கை நீட்டக்குள்ள உங்கட முகத்தப் பாத்தனான்."

"அதுக்கு மறுகாவும் ஒவ்வொரு நாளும் வந்தீங்க. ஒரு நாளாவது என்னிட்டக் கேட்டிருக்கலாமே, உள்ளதச் சொல்லுங்க எண்டு?"

துவாயை ஒரு தோளிலிருந்து மற்றத் தோளுக்கு மாற்றிப் போட்டார். நான் ஏதோ கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டது போல முகத்தில் ஒரு கூச்சம்.

"கால் முறிஞ்சி கிடக்கிற ஆளிட்ட வந்து என்ட மெசினப் பத்திக் கதைக்கிறதா தங்கச்சி? எழும்பி நடக்கட்டும், மறுகா பாப்பம் எண்டு இருந்தன்."

"அதுக்குள்ள நெல்லு நனஞ்சிரிக்குமே."

"நனஞ்சதுதான்" என்றார். "கொஞ்சம்."

வயலில் ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று சொல்லிவிட்டு அவசரமாகப் போனார். அவர் போனபின் எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை. மிஸ் ஓடி வந்து, கால் வலிக்கிறதா, ஊசி போடவா என்று கேட்டார்.

"இல்ல மிஸ்," என்றேன். "வெக்கத்தில அழுறன்."